பழைய வீட்டுச் சுவரில் காடி வெட்டும் முன்

ஏசி குழாய்க்கு ஒரு துளை, புது ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு பள்ளம், சுவருக்குள் மறைக்கும் கன்சீல்டு வயரிங்குக்குத் தரையிலிருந்து கூரை வரை ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம். ஐம்பது அறுபது வருட வீடுகளில் சுவரை வெட்டும் வேலை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. வெட்ட வருபவர் கையில் நாலு இஞ்ச் மார்பிள் கட்டர், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. சுவர் எதனால் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. எந்த பிளேடு, தண்ணீர் விடலாமா, என்ன முகமூடி, வெட்டவே கூடாதா என்பதெல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மெயினை அணைத்து, பழைய பீங்கான் ஃபியூஸ்களையும் பிடுங்கி வைத்துவிட்டு, கண்ணில் படாத ஓரிடத்தில் பேட்டரி ட்ரில்லில் 6 மி.மீ. பிட் மாட்டி இரண்டு இஞ்ச் ஆழத்துக்கு மெதுவாகத் துளையிடுங்கள். இடித்துத் துளைக்கும் ஹேமர் மோட் வேண்டாம். கீழே தாளைப் பிடித்து, விழும் பொடியைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். அதற்கு முன் வெள்ளையாக, மாவுபோல வந்தது சுண்ணாம்புக் காரை. பழுப்பாக, ஈரம் பட்டதும் பிசுபிசுத்தால் மண் சாந்தில் கட்டிய சுவர். பிட் இறங்காமல் சூடேறி, சாம்பல் நிறத்தில் மினுக்கும் பொடி வந்தால் உள்ளே கருங்கல்.

இதில் மண் சாந்துச் சுவருக்கு மெஷினே ஆகாது. அதிர்விலும் தண்ணீரிலும் சாந்து கரைந்து செங்கல் தளர்ந்துவிடும். கை உளிதான். சுண்ணாம்புக் காரையை வெட்டுமுன் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்கும் இடத்தில் காரை சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கே இடித்து உடைக்கும் ரோட்டரி ஹேமர் மெஷினை வைத்தால் ஒரு முழம் வெட்டப் போய் ஒரு பாளமே விழும். முதலில் இரு பக்கமும் பிளேடால் கோடு போட்டு, நடுவில் இருப்பதை மட்டும் குறுகிய உளியால் எடுக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான பூச்சை வெட்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. வெளியே தெரியும் கேசிங் பட்டையில் வயரை ஓட்டுவது எவ்வளவோ மேல்.

காடியின் ஆழத்துக்கும் கணக்கு உண்டு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1905, செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைக்காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக்கூடாது என்கிறது. ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் செங்குத்தாக 76 மி.மீ., கிடையாக 38 மி.மீ. நாலரை இஞ்ச் சுவரில் கிடையாக 19 மி.மீ.தான் கிடைக்கும். 20 மி.மீ. பைப்கூட அதில் புதையாது. ஆகவே நாலரை இஞ்ச் சுவரில் குறுக்குக் காடி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இனி தூசு. மணல், செங்கல், கருங்கல் எல்லாவற்றிலும் குவார்ட்ஸ் என்ற சிலிக்காப் படிகம் இருக்கிறது. உலர வெட்டும்போது அது 4 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகளாக, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கே உண்டாகும் தழும்புதான் சிலிக்கோசிஸ். அதைத் திரும்பச் சரியாக்கும் மருந்து இல்லை. காசநோய் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். கண்ணுக்குத் தெரியும் புழுதி அடங்கிய பிறகும் நுண்தூசு மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். வெட்டியவர் டீ குடிக்கப் போன பிறகு துடைப்பம் எடுக்கும் சித்தாள் அம்மாவுக்கு அந்தத் துண்டுகூட இல்லை. துண்டாலும் சர்ஜிகல் மாஸ்க்காலும் இதைத் தடுக்க முடியாது. இரண்டு பட்டையும் மாட்டி, மூக்குக் கம்பியை அழுத்திய என்95 முகமூடி வெட்டுபவருக்கும் வேண்டும், கூட்டுபவருக்கும் வேண்டும். தாடி இருந்தால் ஓரம் அடைக்காது.

பெரும்பாலான மார்பிள் கட்டரில் தண்ணீர்க் குழாய் மாட்ட வசதி இருக்கிறது, யாரும் மாட்டுவதில்லை. மாட்டுங்கள். பிளேடில் மெல்லிய தாரை விடாமல் விழுந்தால் புழுதி சேறாகிக் கீழே வழியும். தண்ணீரும் கரண்டும் சேர்வதால் மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். பழைய வீட்டில் அது இருக்காது, கையோடு கொண்டுபோக வேண்டும்.

இடுப்பளவு எனாமல் பெயிண்ட் அடித்த சுவரில் ஈயமும் இருக்கலாம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். காடி வரும் இடத்தை நனைத்து, அந்தப் பட்டையைச் சுரண்டி எடுத்த பிறகு வெட்டுங்கள். உலர உப்புத்தாள் போடுவதும் சூடு காட்டி உரிப்பதும் கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வேலை முடியும் வரை வீட்டில் இருக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமானது சாம்பல் நிற சிமெண்ட் ஷீட். பின்கட்டுத் தடுப்பு, குளியலறை மறைப்பு, மாடிப்படிக் கூரை என்று எங்கும் இருக்கிறது. சோதனைத் துளைகூட இதில் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) கலந்த ஷீட்டுக்கு இந்தியாவில் இன்னும் தடை இல்லை. பார்வையை வைத்துக் கலப்பில்லை என்று சொல்லவும் முடியாது. ஆய்வகம் மறுக்கும் வரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே நினையுங்கள். அதன் இழை உள்ளே போய் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். இதன் மேல் கட்டர் வைப்பதைப் பார்த்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்காக ஷீட்டை அறுப்பதற்குப் பதில், முழு ஷீட்டையும் கழற்றி வேறு பலகை போடுங்கள். சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கி, போல்ட்டுகளைக் கையால் கழற்ற வேண்டும். துருப்பிடித்திருந்தால் போல்ட்டை ஹேக்ஸா பிளேடால் அறுங்கள், ஷீட்டில் பிளேடு படக்கூடாது. உடைக்காமல் இறக்கி, தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டி, உள்ளே என்ன என்று மேலே எழுதுங்கள். இங்கே என்95 போதாது. அதைவிட நன்றாக வடிகட்டும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 முகமூடி வேண்டும். உடைந்த துண்டை மனைக்கட்டில் கொட்டி மிதிப்பதும், பள்ளம் நிரப்பப் போடுவதும் கூடாது. எங்கே ஒப்படைப்பது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில், ஷீட்டை இறக்குவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பாலிதீனில் போடுங்கள். வேலைக்குப் போட்ட சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.