உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

காலையில் காபி ஆறுவதற்குள் என் தளத்தின் லாகை, அதாவது யார் வந்துபோனார்கள் என்ற பதிவைத் திறந்து பார்ப்பது பல வருடப் பழக்கம். வந்துபோனவர்களில் மனிதர்கள் குறைவு. தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் லாகின் பக்கம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள்தான் அதிகம். என்னிடம் வேர்ட்பிரஸே கிடையாது, வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள். இல்லாத கதவைத் தட்டிவிட்டு, 'பக்கம் இல்லை' என்கிற 404 பதிலை வாங்கிக்கொண்டு போகும். அதில் எனக்கொரு அல்ப சந்தோஷம்.

சர்வர் பராமரிப்புதான் தொழிலும் என்பதால், சொந்தத் தளம் வைத்திருக்கும் பலர் என்னைக் கூப்பிடுவார்கள். 'ஹேக் பண்ணிட்டாங்க சார்' என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் பல நேரம் ஹேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. டொமைன், அதாவது பணம் கட்டிப் பதிந்து வைக்கும் தள முகவரி, புதுப்பிக்காமல் காலாவதி ஆகியிருக்கும்.

போன வருடம் அப்படி வந்தவர் ஒரு கல்யாண போட்டோகிராபர். அவர் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம். 'எனக்கு ஒரு மெயிலும் வரலையே' என்றார். முதல் வருட ரசீதைத் தேடி எடுக்கச் சொன்னேன். டொமைன் அவர் பெயரிலேயே இல்லை. தளம் வடிவமைத்துக் கொடுத்த பையனின் கணக்கில் இருந்தது. பையன் கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம் காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை உலக அளவில் மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி. அனுப்பியும் இருப்பார்கள், அந்த மூடிய கடையின் மெயிலுக்கு.

டாட் காம் காலாவதியான மறுநாளே பறிபோவதில்லை. முதலில் 45 நாள் வரை அவகாசம் உண்டு. ஆனால் அது உச்சவரம்புதான். அதற்குள்ளேயே ஏலத்துக்கு விடும் நிறுவனங்களும் இருக்கின்றன. அந்த அவகாசமும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். புதுப்பிக்கும் கட்டணத்தோடு நல்ல தொகை அபராதமாகவும் கேட்பார்கள். அதற்கும் பிறகு வரும் கடைசி 5 நாள் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பிறகு முதலில் வருபவருக்குச் சொந்தம். பழைய பெயருக்குக் கூகுளில் சேர்ந்திருக்கும் மதிப்புக்காகவே காத்திருந்து வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். போட்டோகிராபர் என்னிடம் வந்தபோது எல்லாக் கெடுவும் முடிந்திருந்தது.

அவரைச் சொல்வானேன், நானே மாட்டியிருக்கிறேன். ஆட்டோ ரென்யூவல் போட்டிருந்தேன். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி அமலானதும், வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு நம் கார்டிலிருந்து தானாகப் பணம் போவது நின்றுபோனது. 'தானாகப் போய்விடும்' என்ற தைரியத்தில் வந்த மெயில்களை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் தளம் படுத்துவிட்டது. சரி, உள்ளே போய்க் கட்டிவிடலாம் என்றால் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. மாற்றுவதற்கான இணைப்பு எந்த மெயிலுக்குப் போகும்? அதே டொமைனில் நான் வைத்திருந்த மெயிலுக்கு! டொமைன் செத்தால் மெயிலும் செத்தது. வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதை. அடையாளச் சான்று அனுப்பிக் கெஞ்சி, நான்கு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது.

அன்றிலிருந்து டொமைன் கணக்குக்கு ஜிமெயில்தான், அதில் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் உண்டு. டாட் காமை ஒரே தடவையில் 10 வருடம் வரை பதியலாம். கையில் காசிருந்தால் ஐந்து வருடத்துக்காவது போட்டுவிடுங்கள். தளத்தை யார் செய்து கொடுத்தாலும் சரி, டொமைன் கணக்கை மட்டும் நீங்களே திறந்து, உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் வையுங்கள். தெரிந்த பையன்தானே என்று கூச்சப்படாதீர்கள். ஏற்கெனவே அவர் கையில் இருந்தால், நட்பாக இருக்கும்போதே மாற்றி வாங்கிவிடுங்கள்.

போட்டோகிராபர் இப்போது வேறு பெயரில் தளம் வைத்திருக்கிறார். விசிட்டிங் கார்டில் பழைய முகவரியைப் பேனாவால் அடித்து எழுதிக் கொடுத்துச் சமாளித்துவிட்டார். ஆனால் இத்தனை வருடம் அவர் கொடுத்த கல்யாண ஆல்பங்களின் பின்னட்டையில் கியூஆர் கோடு அச்சாகியிருக்கிறது. வீட்டில் யாராவது ஸ்கேன் செய்தால் ரம்மி ஆடக் கூப்பிடுகிறது. கையில் ஒரு கட்டு ஸ்டிக்கரோடு, வீடு வீடாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.