மைனஸ் முப்பதில் உறையாத தண்ணீர்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகன் கனடாவின் வடபகுதியில் யெல்லோநைஃப் நகரத்தில் வேலை பார்க்கிறார். நண்பர்களோடு ஸ்னோமொபைலில் மூன்று நாள் பயணம் போகப் போகிறாராம். உறைந்த ஏரிகளைத் தாண்டி, ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுக்குள். போனில் மகன் சொன்ன ஒரு வார்த்தை அம்மாவைத் தூங்கவிடவில்லை: “குளிருக்கெல்லாம் பயம் இல்லம்மா, தண்ணிக்குத்தான் பயம்.” மைனஸ் முப்பது டிகிரியில் தண்ணீர் எங்கிருந்து வரும், வந்தாலும் உடனே உறைந்துபோகாதா என்று கேட்கிறார்.

இவ்வளவு நல்ல கேள்வி வந்து நாளாகிறது. மகன் சொன்னது முழுக்கச் சரி. அதற்கான காரணம் ஆர்க்கிமிடீஸில் தொடங்கி, வெப்பக் கடத்தலில் முடிகிறது.

முதலில் வண்டி. சியாச்சினில் பணிபுரிந்து திரும்பிய நம் மாவட்டத்து ராணுவக்காரர்கள் இதை ஸ்னோ ஸ்கூட்டர் என்பார்கள். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதில் அகலமான ரப்பர் பட்டை. வண்டியும் ஆளும் சேர்ந்து 340 கிலோ என்று வையுங்கள். பட்டையும் பலகைகளும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 0.8 சதுர மீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் விழும் எடை 40 கிராம் சொச்சம்தான். நாம் நடக்கும்போது ஒற்றைக் காலில் விழும் அழுத்தம் இதைப்போல எட்டு மடங்கு. அதனால்தான் மனிதன் இடுப்பளவு புதையும் இடத்தில் வண்டி மேலாகப் போகிறது.

இந்த வண்டியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சியால் இறந்துபோனான். பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. அதன் பிறகு அவர் பனியில் ஓடும் வண்டியை விடாமல் துரத்தினார். 1930-களின் பிற்பகுதியில் ஏழு பேர் உட்காரும் வண்டி வந்தது, 1959-இல் ஒருவர் ஓட்டும் ஸ்கி-டூ வந்தது. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து மருத்துவம் படிக்கப் போன கதை நமக்கெல்லாம் தெரியும். ஒருவர் மருத்துவமனையைக் கட்டினார், இன்னொருவர் மருத்துவமனைக்குப் போகும் வழியைக் கட்டினார்.

சரி, ஏற்பாடுகள். பெட்ரோலை மூன்று பங்காக்க வேண்டும்: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று. ஆழமான புதுப்பனியில் இழுவை ஏறி எரிபொருள் கணக்கு தப்பும், அதற்குத்தான் அந்த மூன்றாவது பங்கு. செல்போன் சிக்னல் கிடையாது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேண்டும். எந்த வழியாகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் சுமார் ஐந்து மணி நேரம்தான். காற்றே இல்லாத மைனஸ் 30-இல்கூட 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் முகத்துக்கு அது மைனஸ் 48 மாதிரி. மூடாத தோல் சில நிமிடங்களில் உறையத் தொடங்கிவிடும். ஏரி தாங்குமா என்றால், ஸ்னோமொபைலுக்கு 25 சென்டிமீட்டர் தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பது கனடாவில் சொல்லப்படும் அளவு. ஜனவரியில் பெரும்பாலான ஏரிகளில் அதைவிட அதிகமாகவே இருக்கும். நீரோட்டம் உள்ள வாய்க்கால் முனைகளிலும் குறுகிய கழுத்துப் பகுதிகளிலும்தான் மெலிந்திருக்கும்.

ஆக, அந்தப் பையன் பயப்படுவது கட்டிக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு அல்ல. கட்டிக்கு மேலே வந்து நிற்கும் தண்ணீருக்கு.

இங்கே நிதானமாகப் போவோம். ஏரியின் மேல் உறைந்த கெட்டியான தகட்டைப் பனிக்கட்டி என்றும், அதன் மேல் வானத்திலிருந்து விழுந்து கிடப்பதை வெண்பனி என்றும் சொல்கிறேன். பனிக்கட்டியின் அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோ, தண்ணீருக்கு 1000. அதனால் கட்டி மிதக்கிறது. மிதந்தாலும் கொஞ்சம்தான் வெளியே நிற்கிறது. அரை மீட்டர் தடிமனுள்ள தகட்டில் நீர்மட்டத்துக்கு மேலே நிற்பது வெறும் 4 சென்டிமீட்டர். அந்த 4 சென்டிமீட்டர்தான் அதன் சேமிப்பு. எடைக் கணக்கில் சொன்னால், சதுர மீட்டருக்கு இன்னும் 41 கிலோ ஏற்றினால் தகடு நீர்மட்டம் வரை அமிழ்ந்துவிடும்.

இப்போது வெண்பனி விழுகிறது. காற்று அடித்து இறுகிய வெண்பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 250 கிலோ அளவில் இருக்கும். அப்படியானால் 17 சென்டிமீட்டர் விழுந்தாலே அந்த 41 கிலோ தீர்ந்தது. 17 என்பது 50-இல் மூன்றில் ஒரு பங்கு. தகடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது: இறுகிய வெண்பனியின் உயரம் கட்டியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், கட்டியின் மேற்பரப்பு நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். புதுப் பனி இலகுவாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஒரு காற்று வீசி அதை ஒதுக்கிக் குவித்துவிட்டால் அந்தச் சலுகை போச்சு.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். டிபன் பாக்ஸில் தண்ணீர் ஊற்றி, 15-க்கு 10 சென்டிமீட்டர் அளவில் 3 சென்டிமீட்டர் தடிமனுக்கு உறைய வையுங்கள். அதைச் சில்லென்ற தண்ணீர் உள்ள அகலப் பாத்திரத்தில் மிதக்கவிட்டு, மேலே ஐந்து ரூபாய் நாணயங்களைப் பரவலாக ஒவ்வொன்றாக வையுங்கள். ஆறேழு நாணயத்தில், அதாவது 37 கிராமுக்குப் பக்கத்தில், தண்ணீர் மேலே ஏறி நாணயங்களைத் தொடும். கட்டி உடையவில்லை, உருகவில்லை. வெறும் எடை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்த நொடி பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஏரியில் ஒரு வித்தியாசம், தகடு கரையோடு ஒட்டியிருக்கிறது. தண்ணீர் ஓரத்தால் ஏற முடியாது. அதற்கு விரிசல் வேண்டும். விரிசலுக்குப் பஞ்சமே இல்லை: குளிரில் பனிக்கட்டி சுருங்கி வெடிக்கிறது, பனிச்சுமை தகட்டை வளைத்துப் பிளக்கிறது, கரையோரம் மடிப்பு விழுகிறது. அந்தக் கோடுகள் வழியாகத் தண்ணீர் மேலேறி வெண்பனியின் அடியில் பரவுகிறது. வெண்பனித் துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் அதை இன்னும் கொஞ்சம் உறிஞ்சி உயர்த்துகின்றன. இதுதான் ஸ்லஷ் என்கிற பனிச்சேறு. மேலே பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது, வெள்ளை வெளேரென்று கிடக்கும். நம் பாலாற்றில் மேலே மணல் காய்ந்து கொதிக்க, கொஞ்சம் தோண்டினால் ஊற்று சுரக்குமே, அப்படி.

இனி கேள்வியின் அடுத்த பாதி. அது ஏன் உறைவதில்லை?

தண்ணீர் உறைய வேண்டுமானால் அது ஒரு கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். எப்படிப்பட்ட குளிராக இருந்தாலும் இந்தக் கடனில் தள்ளுபடி கிடையாது. வெப்பம் போக வேண்டிய வழி மேலே உள்ள வெண்பனி. அதில் பெரும்பகுதி சிறைப்பட்ட காற்று. பனிக்கட்டியோடு ஒப்பிட்டால் வெப்பத்தைப் பத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. 30 சென்டிமீட்டர் வெண்பனி, வெளியே மைனஸ் 30, அடியில் சேறு பூஜ்ஜிய டிகிரி என்று கணக்குப் போட்டால், சதுர மீட்டருக்கு வெளியேறுவது சுமார் 15 வாட். பாதி நீரும் பாதி பனியுமான 10 சென்டிமீட்டர் சேற்றில் உறைய வேண்டிய தண்ணீர் 50 கிலோ. வகுத்துப் பார்த்தால் 13 நாள் வருகிறது. தோராயக் கணக்குதான், ஆனால் அளவு சரி. மைனஸ் முப்பதில், இரண்டு வாரம் வரை, உறையாத தண்ணீர்!

அமிழ்த்தியதும் அதே வெண்பனி, உறையாமல் காப்பதும் அதே வெண்பனி. அது செய்யும் மூன்றாவது வேலையும் உண்டு. ஏரியின் வெப்பம் வெளியேறுவதைத் தடுத்து, பனிக்கட்டி கீழ்நோக்கித் தடிமனாவதையும் அது மெதுவாக்குகிறது. தாங்க வேண்டிய தகடு வளராமல் நிற்க, தாங்கப்பட வேண்டிய சுமை ஏறிக்கொண்டே போகிறது. இவ்வளவு எளிய பொருள் ஒன்று மூன்று பக்கமிருந்தும் ஒரே விளைவை நோக்கித் தள்ளுவது இயற்கையில் எனக்குப் பிடித்த காட்சிகளில் ஒன்று.

இது தெரிந்தால் பயணத் திட்டமே மாறும். ‘நாளைக்கு எத்தனை டிகிரி?’ என்பதை விட ‘கடைசியாக எப்போது, எவ்வளவு பனி விழுந்தது?’ என்பது முக்கியமான கேள்வி. பெரும் பனிப்பொழிவு முடிந்த வாரத்தில் பெரிய ஏரிகளைக் கடப்பது சேற்றைத் தேடிப் போவதற்குச் சமம். காற்று பனியைக் கொண்டுபோய்க் குவிக்கும் இடங்கள், அதாவது கரையோரமும் தீவுகளின் மறைவும், முதலில் அமிழும். காற்று துடைத்துவைத்த திறந்தவெளி பெரும்பாலும் காய்ந்திருக்கும். முன்குளிர்காலத்தில் கட்டி மெல்லியது, ஒரு நல்ல பனிப்பொழிவே மூன்றில் ஒரு பங்கை எட்டிவிடும். மார்ச்சில் கட்டி ஒரு மீட்டரைத் தொடும், பகலும் நீளும். இன்னொன்று: சேறு கடைசியில் உறையும்போது வெண்மையான, குமிழிகள் நிறைந்த கட்டியாகிறது. அதன் வலிமையைத் தெளிந்த நீலக் கட்டியில் பாதியாகத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். துளையிட்டு அளக்கும்போது வெறும் தடிமன் போதாது, எவ்வளவு வெள்ளை, எவ்வளவு நீலம் என்றும் பார்க்க வேண்டும்.

அளப்பது என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வட ஆற்காட்டுக் கிராமங்களில் இன்றும் போர் போடுவதற்கு முன் உள்ளங்கையில் தேங்காயை நிறுத்திக்கொண்டோ, வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டோ நீரோட்டம் பார்ப்பவரை அழைக்கிறோம். முறையான சோதனைகளில் அந்த வித்தை குருட்டாம்போக்கை விட மேலாகத் தேறியதில்லை. கடன் வாங்கி லட்சக்கணக்கில் செலவழிக்கும் ஒரு விவசாயி தேங்காயை நம்ப வேண்டிய நிலையில் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நிலத்தடி நீரை அளந்து சொல்லும் ஆள் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். கனடாவில் ஏரியின் மேல் நிற்பவர் கைத்துளைப்பானை எடுத்துக் கட்டியைத் துளைத்து, அளவுகோலை விட்டுப் பார்க்கிறார். போன வருஷம் தாங்கியது என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. இப்படிப்பட்ட சின்ன அளவீடுகளுக்கு நம் நாட்டில் இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆர்க்டிக்கில் 2008 முதல் நமக்கு ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது, அண்டார்க்டிகாவில் மைத்ரியும் பாரதியும் இருக்கின்றன. லடாக்கில் ஒவ்வொரு குளிரிலும் உறையும் ஏரிகள் இருக்கின்றன. ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியை வைத்து வருஷக்கணக்காகப் பொறுமையாக வானத்தை அளந்த நாடு இது. அந்த லடாக் ஏரிகளின் கட்டியில் வெப்பநிலை உணரிகளைக் கோத்து இறக்கி வைக்கும் வேலையைக் கல்லூரி மாணவர்களிடமே கொடுக்கலாம்.

ஆறுகளில் விஷயம் இன்னும் வேறு. அங்கே குளிர் கூடக்கூட மேலே வரும் தண்ணீரும் கூடும். கட்டி கீழ்நோக்கி வளர்ந்து ஆற்றின் வழியை நெருக்குகிறது. மேலிருந்து வரும் நீர் நிற்பதில்லை. அழுத்தம் ஏறி, கட்டியைப் பிளந்துகொண்டு மேலே வழிகிறது. அலாஸ்காவில் இதை ஓவர்ஃப்ளோ என்பார்கள், நாய் வண்டிப் பந்தயக்காரர்கள் பெரிதும் அஞ்சும் விஷயம். கடுங்குளிர் அலை வந்தால் ‘ஆறு நன்றாக உறைந்திருக்கும்’ என்று நினைத்து வழியை மாற்றுவது ஆபத்து.

வாசகிக்கு ஆறுதலான ஒன்று: ஏரியின் பனிச்சேற்றில் மாட்டினால் மூழ்கிவிட மாட்டார்கள், அடியில் கெட்டியான கட்டி இருக்கிறது. ஆபத்து இரண்டு. ஒன்று, நனைந்த கால். மைனஸ் முப்பதில் அதற்கு உடனே காய்ந்த காலுறையும் மாற்று உள்காலணியும் வேண்டும், அவை நீர் புகாத பையில் இருக்க வேண்டும். இரண்டு, நின்றுபோன வண்டி. அதனால் ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் கடந்து முடித்த பிறகே அடுத்தவர் என்று போக வேண்டும். முன்னவர் தடத்திலேயே போகக் கூடாது, அங்கே மேல்பனி கிழிந்து தண்ணீர் தேங்கியிருக்கும். சேறு தட்டுப்பட்டால் வேகத்தைக் குறைக்காமல் கெட்டியான இடம்வரை ஓட்டிவிட வேண்டும். அப்படியும் நின்றுவிட்டால், பட்டைக்கு முன்னால் பனியை மிதித்து இறுக்கி, ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தின் கிளைகளை வெட்டிப் போட்டு, எல்லோரும் சேர்ந்து இழுத்துக் காய்ந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வந்ததும் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பட்டைக்குள் புகுந்த சேற்றைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். திறந்த காற்றில் அது நிமிடங்களில் கல்லாகிவிடும்.

கிழிந்த தடத்தில் தேங்கிய தண்ணீருக்கும் அதே விதிதான்: மேலே காப்பு இல்லை, வெப்பம் நேராக வெளியேறுகிறது, ஓரிரு இரவில் உறைந்து இறுகிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் சேறு நிறைந்த ஏரியில் முதல் நாள் வெறும் வண்டியோடு போய்த் தடம் கிழித்துவிட்டு, அது உறைந்ததும் சுமை வண்டியை அதன் மேல் இழுத்துப் போகிறார்கள்.