சமூக ஒப்பந்தம்: ‘ஒப்பந்தம்’ பொருத்தமான சொல்தானா?

ஒப்பந்தம் என்றதும் நமக்கு முத்திரைத்தாளும் இரு தரப்புக் கையெழுத்தும் நினைவுக்கு வருகின்றன. சாலை போடுபவர் ஒப்பந்தக்காரர். நிரந்தரமில்லாத வேலையில் இருப்பவர் ஒப்பந்தத் தொழிலாளர். அரசின் அதிகாரம் மக்களின் சம்மதத்திலிருந்து பிறக்கிறது என்பது ‘சமூக ஒப்பந்தக் கோட்பாடு’. இந்த நினைவோடு அந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவர், என்றோ ஒரு நாள் அரசனும் மக்களும் எதிரெதிரே அமர்ந்து பத்திரம் எழுதிக்கொண்டார்கள் என்றே எண்ணுவார். அது பிழை. அந்தப் பிழையில் சொல்லுக்கும் பங்கு உண்டு.

1651இல் ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் ‘லெவியதன்’ நூலை வெளியிட்டபோது இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் சிதைந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டிருந்தது. அரசே இல்லாவிட்டால் மனிதர் எப்படி வாழ்வார்கள்? ஒருவருக்கொருவர் அஞ்சியே வாழ்வார்கள் என்றார் ஹாப்ஸ். அந்த அச்சத்திலிருந்து மீள, மக்கள் தமக்குள் உறுதி செய்துகொண்டு ஆட்சியதிகாரத்தை ஒருவரிடமோ ஒரு சபையிடமோ விடுகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ‘தமக்குள்’ என்பதை. ஆட்சியாளர் இதில் ஒரு தரப்பே அல்லர். 1762இல் ரூசோ பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘சமூக ஒப்பந்தம்’ நூலிலும் மக்கள் அரசனோடு எதையும் எழுதிக்கொள்வதில்லை. தாங்களே கூடித் தங்களையே இறைமையுள்ள மக்களாக்கிக்கொள்கிறார்கள். அந்த ஆண்டே அவர் பிறந்த ஜெனீவாவில் அந்நூல் எரிக்கப்பட்டது.

‘கான்ட்ராக்ட்’ என்பதன் லத்தீன் வேருக்குச் ‘சேர்த்து இழுத்தல்’ என்று பொருள். ரூசோவின் நூல் தலைப்பில் இருப்பது இச்சொல்லின் பிரெஞ்சு வடிவம். ஆங்கிலேயரான ஹாப்ஸும், அவருக்குப் பின் இதே கோட்பாட்டை எழுதிய ஜான் லாக்கும் வேறு சொற்களையே பெரிதும் விரும்பினர். லாக் ‘காம்பாக்ட்’ என்றார். ஹாப்ஸோ, ஒருவர் தம் பங்கைச் செய்துவிட்டு மற்றவர் பின்னர் செய்வார் என்று நம்பி விடுவதைக் ‘கவனன்ட்’ என்று தனியே பிரித்தார். அது ஆங்கில விவிலியத்தின் சொல். நோவாவோடும் ஆபிரகாமோடும் கடவுள் செய்ததாகக் கூறப்படுவதைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்குத் தமிழ் விவிலியம் ‘உடன்படிக்கை’ என்று எழுதிவைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தேடி அலைய வேண்டியதே இல்லை.

‘ஒப்பந்தம்’ தாழ்ந்த சொல் என்று நான் சொல்லவில்லை. ஒப்பு என்பது நம் வேர்தான். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் வழங்குகிறது. ஆனால் ‘உடன்படு’ என்பதில் இருக்கும் ஒன்று அதில் இல்லை. உடன்படுதல் மனம் சேர்வது. ‘உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று’ என்கிறது குறள் (890). மனம் பொருந்தாதவரோடு வாழ்வது ஒரே குடிசையில் பாம்போடு வாழ்வதைப் போன்றது. ஹாப்ஸின் அரசற்ற நிலைக்கு இதைவிட நெருங்கிய உவமை எனக்குத் தெரியவில்லை. இரண்டு உயிரெழுத்துகளை இணைக்க இடையில் வரும் மெய்யை இலக்கணம் உடம்படுமெய் என்கிறதே, அதுவும் இந்தச் சொல்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. ஆளப்படுவோரின் சம்மதம் லாக்கின் கோட்பாட்டுக்கு உயிர்நாடி. ‘உடன்பாடு’ என்றால் அந்தச் சம்மதமும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு நாட்டின் பெருவழியில் தடையின்றி நடந்து போவதே வாய் திறவாத சம்மதம் என்றார் லாக். 1748இல் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் இதை மறுத்தார்: உறங்கும்போது கப்பலில் தூக்கிப் போடப்பட்டவன், கடலில் குதித்துச் சாகாமல் கப்பலிலேயே இருக்கிறான் என்பதற்காகத் தலைவனுக்கு உடன்பட்டுவிட்டான் என்று சொல்லலாமா? இந்த வாதத்தை ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். பாதி வலு போய்விடும். ஆகவே ரூசோவின் நூல் தலைப்பாக நிலைத்துவிட்ட ‘சமூக ஒப்பந்தம்’ அப்படியே இருக்கட்டும். கோட்பாட்டைச் ‘சமூக உடன்படிக்கை’ என்றே எழுதலாம். தனித்தமிழ் வேண்டுவோர் ‘குமுக உடன்படிக்கை’ என்பர்.

இனி, இந்தக் கோட்பாட்டோடு சேர்ந்தே வரும் ‘உரிமை’. இச்சொல்லில் நமக்குக் குறையே இல்லை. ‘உரிமை உடைத்திவ் வுலகு’ (578) என்னும்போது வள்ளுவர் சொல்வது உடைமையை: கடமை கெடாமல் இரக்கம் காட்ட வல்லவருக்கு இவ்வுலகம் உரியது. உடைமையும் உரிமையும் ஒரே சொல்லில் இணைந்திருக்கின்றன. ஒவ்வொரு மனிதனும் தன் உடலுக்குத் தானே உடையவன் என்று தொடங்கி, உயிர், சுதந்திரம், பொருள் மூன்றையும் ‘சொத்து’ என்ற ஒரே பெயரில் அழைத்த லாக்கை, ஆங்கிலத்தைவிடத் தமிழில் எளிதாக விளக்கலாம்.

ஆனால் அந்த உரிமையின் அடைமொழியில் நாம் தவறுகிறோம். 1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலை அறிக்கை சொல்லும் உரிமைகளைப் ‘பறிக்க முடியாத உரிமைகள்’ என்று எழுதுகிறோம். பறிப்பவர் பிறர். மூலச்சொல்லான ‘அன்ஏலியனபிள்’ என்பதோ உரியவரைப் பார்த்துப் பேசுகிறது: நீயே விரும்பினாலும் இதைப் பிறர் வசமாக்க முடியாது. தன்னை அடிமையாக எழுதிக்கொடுக்க எவருக்கும் அதிகாரம் இல்லை என்று லாக் சொன்னதும், வன்முறைக்கு எதிராக என்னைக் காத்துக்கொள்ள மாட்டேன் என்று தரும் உறுதிமொழி செல்லாது என்று ஹாப்ஸே ஒப்புக்கொண்டதும் இந்தப் பொருளில்தான். இதற்குப் பத்திர எழுத்தர்களிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: பராதீனம். சொத்தை விற்பதோ வேறு விதமாகப் பிறர் வசமாக்குவதோ பராதீனம். அந்த வடசொல் கனமாகத் தோன்றினால், ‘கைமாற்ற இயலாத உரிமைகள்’ என்று எழுதலாம்.