இறுவட்டு அல்ல, பாடற்கோவை

“மாற்று றொக் குழுவின் புதிய இறுவட்டு இணையத்தில் வெளியானது.” இந்த வசனத்தை இன்னும் எத்தனை தரம் வாசிப்பது? இறுவட்டு என்றால் சீடி. இணையத்தில் வெளியானதில் வட்டு எங்கே இருக்கிறது? ‘ஸ்ரூடியோ அல்பம்’ என்பதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்பதுதான் கேள்வி.

அல்பம் என்பது இலத்தீனில் வெள்ளையைக் குறிக்கும் ‘அல்புஸ்’ வழி வந்தது. உரோமில் அறிவித்தல் எழுதிய வெண்பலகை, பின்னர் படம் ஒட்டும் வெற்றேடு. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடந்தான் பிடிக்கும். நீண்ட இசைக்குப் பல தட்டுகளை ஏடுபோல உறைகளில் கோத்து விற்றார்கள். 1948இல், நீண்ட இசையை ஒரே தட்டில் பிடிக்கும் நெடுந்தட்டு (எல்பி) வந்தது. ஏடு போனது, பெயர் நின்றது. ஸ்ரூடியோவுக்கு எங்கள் இலங்கை வானொலியில் கேட்டுப் பழகிய ‘கலையகம்’ இருக்கிறது. அல்பத்துக்குத்தான் சொல் தேட வேண்டும்.

இறுவட்டு நல்ல சொல்தான், ஆனால் அது 12 சென்ரிமீற்றர் பண்டத்தின் பெயர். அதற்குள் பாட்டும் இருக்கும், விரிவுரையும் இருக்கும். றேடியோஹெட் என்ற றொக் குழுவின் ‘இன் றெயின்போஸ்’ அல்பம் 2007 ஒக்ரோபர் 10 அன்று தரவிறக்கமாக வந்தது. கடைக்கு இறுவட்டு வந்தது ஆண்டு முடியும்போது. இடைப்பட்ட காலத்தில் அதை என்னவென்று சொல்வது?

தமிழ்நாட்டார் எழுதும் ‘இசைத்தொகுப்பு’ இன்னும் மோசம். நிர்வானா என்ற றொக் குழு கலையகத்தில் செய்த அல்பங்கள் மூன்றே: 1989, 1991, 1993. 1992இல் வந்தது சிதறிக் கிடந்த பாட்டுகளின் திரட்டு. 1994இல் வந்தது அரங்கப் பதிவு. எல்லாவற்றையும் தொகுப்பு என்றால் வாசகர் ஐந்து என்றுதான் எண்ணுவார். அரங்கப் பதிவு வேறு, கலையகப் பதிவு வேறு. கலையகத்தில் ட்றம்ஸ், கிற்றார், குரல் எல்லாம் தனித்தனித் தடமாகப் பதியப்படும். 1991 அல்பத்தில் ஒரே குரலை இரண்டு தரம் பாடவைத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினார்கள். மேடையில் ஒருவர் இதைச் செய்ய முடியாது.

தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. எட்டுத்தொகை, பலர் பாடியதைப் பின்னால் வந்தவர்கள் தொகுத்தது. கோவை என்ற இலக்கிய வகை அப்படியல்ல, திருக்கோவையாரின் 400 பாட்டும் ஒருவரே ஒரு நிரலில் கோத்தவை. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கரவை வேலன் கோவையும் அந்த வழிதான். ஆகவே கலையகப் பாடற்கோவை என்போம். கந்தோரில் ஃபைலும் கோவைதானே என்பார்கள். முன்னால் ‘பாடல்’ நிற்கும்போது எவரும் அலுமாரியைத் திறக்கமாட்டார்கள்.

வாய் வராதவர்கள் அல்பம் என்றே எழுதட்டும், குற்றமில்லை. ‘அல்பம் விடுவிக்கப்பட்டது’ என்று எழுதுபவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. அது என்ன, மறியலிலா இருந்தது? வெளியீடு என்ற சொல்லை ஒவ்வொரு புத்தக அழைப்பிதழிலும் அச்சடிக்கிறோம். றொக்கைப் ‘பாறை’ ஆக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அது மட்டும் கண்ணில் படுவதில்லை.