வீட்டின் குரலும் நோயின் போக்கும்

1952-இல் பாரிஸ் மருத்துவமனைகளில் குளோர்புரோமசைன் என்னும் மருந்து மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டுப் பலன் தந்த பிறகு, பூட்டிய வார்டுகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள் மெல்ல மெல்ல வீடு திரும்பத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் நன்றாகவே இருந்தார்கள், வேறு சிலர் சில மாதங்களிலேயே நோய் முற்றி மீண்டும் மருத்துவமனை வாசலுக்கு வந்து நின்றார்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று அறிய விரும்பிய ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியலாளரும் அவருடைய தோழர்களும், லண்டன் பகுதி மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியேறிய 229 ஆண்களின் நிலையைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 1958-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மனச்சிதைவு நோய் உடையவர்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைக் காட்டிலும், வாடகை அறைகளில் தங்கியவர்களும் உடன்பிறந்தார் வீட்டில் இருந்தவர்களும் மேலான நிலையில் இருந்தார்கள் என்பதே அவர்கள் கண்டது. நெருங்கிய உறவு துணையாக இருக்கும் என்று எதிர்பார்த்த எவரையும் இது திகைக்க வைக்கும்.

மனச்சிதைவு என்பது ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருக்கும் நிலை அன்று. இல்லாத குரல்கள் காதில் கேட்பது, யாரோ தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, எண்ணங்களின் கோவை அறுந்துபோவது ஆகியவை அதன் ஒரு பக்கம். பேச்சு குறைவது, முகத்தில் உணர்ச்சி மங்குவது, குளிக்கவும் உடை மாற்றவும் கூட மனம் எழாமல் போவது ஆகியவை மறுபக்கம். முதல் பக்கத்தை மாத்திரைகள் பெரும்பாலும் கட்டுப்படுத்துகின்றன. மறுபக்கத்தில் அவற்றின் பலன் மிகக் குறைவு. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் வீட்டில் எழும் பெரும்பாலான பூசல்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிரவுன் அடுத்து எடுத்த வேலை கடினமானது. ஒரு வீட்டின் உணர்ச்சிச் சூழலை எப்படி அளப்பது? அவருடைய குழு நோயாளியின் தாயையோ கணவரையோ மனைவியையோ தனியே உட்காரவைத்து, கடந்த சில மாதங்களில் வீட்டில் நடந்தவற்றைச் சொல்லச் செய்து, அதை ஒலிநாடாவில் பதிவுசெய்தது. பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் அந்தப் பதிவைக் கேட்டுக் குறை கூறும் சொற்களை எண்ணினார். சொல்லின் பொருளோடு அது சொல்லப்பட்ட தொனியும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதுதான் இந்த முறையின் நுட்பம். "அவன் பதினொரு மணிக்குத்தான் எழுந்திருக்கிறான்" என்னும் வாக்கியத்தை ஒரு செய்தியாகவும் சொல்லலாம், பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்லலாம். முன்னது குறையாக எண்ணப்படாது, பின்னது எண்ணப்படும். இதனுடன் நோயாளியையே முழுதாக வெறுத்து ஒதுக்கும் பகைமை, அளவு மீறிய உணர்ச்சிப் பிணைப்பு, கனிவு, பாராட்டு ஆகியவையும் மதிப்பிடப்பட்டன. குறை கூறல், பகைமை, அளவு மீறிய பிணைப்பு ஆகிய மூன்றில் ஒன்று வரம்பைத் தாண்டினாலும் அந்த வீடு உணர்ச்சி மிகுந்து வெளிப்படும் வீடு என்று வகைப்படுத்தப்பட்டது. கட்டுரையின் வசதிக்காக அதைக் கொந்தளிப்பான வீடு என்றும், மற்றதை அமைதியான வீடு என்றும் அழைக்கிறேன்.

அளவு மீறிய பிணைப்பு என்பதைத் தமிழ் வாசகர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். முப்பது வயது மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டும் தாய், அவன் தெருமுனைக்குப் போனாலும் பின்னாலேயே போகும் தாய், தன் உறக்கத்தையும் உறவுகளையும் முழுமையாகத் துறந்துவிட்ட தாய் ஆகியோரிடம் இருப்பது அன்புதான். ஆனால் அந்த அன்புக்குள் நோயாளிக்கு மூச்சுவிட இடம் இருப்பதில்லை.

1972-இல் பிரவுன், பர்லி, விங் ஆகியோர் 101 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த ஒன்பது மாதங்களுக்குள், கொந்தளிப்பான வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 58 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டது, அதாவது திரும்ப வந்தது; அமைதியான வீடுகளில் 16 விழுக்காட்டினருக்கே மீண்டது. 1976-இல் கிறிஸ்டீன் வானும் ஜூலியன் லெஃப்பும் புதிய நோயாளிகளிடம் இதைத் திரும்பச் செய்து பார்த்து, பழைய தரவுகளையும் சேர்த்து 128 பேரை ஒன்றாக ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வில் இரண்டு காப்புகள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று மாத்திரை. மற்றொன்று, கொந்தளிக்கும் உறவினரோடு நேருக்கு நேர் கழியும் நேரம் வாரத்துக்கு 35 மணிக்குக் குறைவாக இருப்பது. கொந்தளிப்பான வீட்டில் இவ்விரண்டு காப்புகளும் இருந்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கே நோய் மீண்டது, இரண்டும் இல்லாதவர்களில் 92 விழுக்காட்டினருக்கு மீண்டது.

அதே ஆய்வில், அமைதியான வீடுகளில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் ஒன்பது மாதங்களில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதை மட்டும் படித்துவிட்டு வீடு அமைதியாக இருந்தால் மாத்திரை தேவையில்லை என்று யாரும் முடிவுசெய்துவிடக் கூடாது. இரண்டு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தபோது அமைதியான வீடுகளில் இருந்தவர்களுக்கும் மாத்திரை பாதுகாப்புத் தந்தது என்று அதே ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள்.

குரலின் கடுமை நோயை எப்படித் தூண்டுகிறது? நிக்கலஸ் டாரியரும் அவருடைய தோழர்களும் 1979-இல் வெளியிட்ட சோதனை ஒரு வழியைக் காட்டியது. மனம் பதறும்போது உள்ளங்கையில் நுண்ணிய வியர்வை கசிகிறது, அதனால் தோலின் மின்கடத்தும் திறன் கூடுகிறது, அந்த மாற்றத்தைக் கருவியால் தொடர்ந்து பதிவுசெய்யலாம். நோயாளிகளின் வீட்டுக்கே சென்று, முதலில் உறவினர் இல்லாமலும் பிறகு அவர் அறைக்குள் வந்த பின்னும் அளந்தார்கள். அமைதியான உறவினர் உள்ளே வந்ததும் நோயாளியின் உடற்பதற்றம் படிப்படியாக இறங்கியது. கொந்தளிக்கும் உறவினர் வந்தபோது அது இறங்கவே இல்லை. நெருங்கியவரின் வருகை ஆற்றவும் செய்கிறது என்பதே இந்தச் சோதனையில் என் மனத்தைத் தொட்ட செய்தி. வாடகை அறையில் தனித்திருப்பவருக்குக் கொந்தளிப்பிலிருந்து விடுதலை கிடைக்கிறது, ஆனால் இந்த ஆறுதல் அவருக்குக் கிடைப்பதில்லை.

தொடர்ந்த பதற்றம் நோயாக மாறும் வழி முழுமையாக வரையறுக்கப்படவில்லை என்றாலும், அதன் திசை தெரிகிறது. மன அழுத்தம் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் சுரப்பை உயர்த்துகிறது. குரல் கேட்பதையும் பொய்யான நம்பிக்கைகளையும் தணிக்கும் மாத்திரைகள் அந்த டோபமைனின் செயலையே தடுக்கின்றன. ஆகவே மாத்திரை ஒரு பக்கம் அணை கட்ட, வீட்டின் கொந்தளிப்பு மறுபக்கத்தில் நீர்மட்டத்தை உயர்த்துகிறது என்று கொள்வது பொருத்தமானது. மனச்சோர்வு நோயிலிருந்து முழுதாக மீண்டவர்களுக்கு அவர்களுடைய தாயார் குறைகூறும் குரலைக் கேட்கவைத்து மூளையைப் படமெடுத்த ஜில் ஹூலி, நோய் வராதவர்களிடம் அப்போது விழித்தெழும் முன்மூளைப் பகுதியொன்று இவர்களிடம் அவ்வாறு இயங்கவில்லை என்று கண்டார். நோய்க்குறி எதுவும் இல்லாத காலத்திலும் குறைகூறலைத் தாங்கும் பொறி வேறாகவே இருந்தது. கொந்தளிப்பான வீட்டின் விளைவு மனச்சிதைவோடு நிற்கவில்லை என்பதும், மனச்சோர்விலும் உணவுண்ணும் கோளாறுகளிலும் அது இன்னும் வலுவாகத் தெரிகிறது என்பதும் 1998-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் உறுதியாயின.

உறவினர்கள் ஏன் குறை கூறுகிறார்கள் என்னும் கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. நள்ளிரவில் எழுந்து சுவரோடு பேசும் மகனை எந்தத் தாயும் திட்டுவதில்லை, அது நோய் என்பது பார்த்த உடனே தெரிகிறது. ஆனால் பகல் முழுவதும் படுத்திருக்கும் மகன், நான்கு நாள் குளிக்காத மகன், கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் மகன் நோயாளியாகத் தெரிவதில்லை. சோம்பேறி, திமிர் பிடித்தவன், வேண்டுமென்றே செய்கிறான், நடிக்கிறான் என்று தோன்றுகிறது. உறவினர்களின் குறைகூறல்கள் பெரும்பாலும் இந்த மறுபக்க அறிகுறிகளையே குறிவைக்கின்றன என்பதைப் பதிவுகள் காட்டின. குறைகூறும் உறவினர்கள் நோயாளியின் நடத்தையை அவர் நினைத்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றாகக் கருதுகிறார்கள் என்று 1991-இல் கிறிஸ் ப்ரூவின் குழு காட்டியது. மாத்திரையால் தணியாத அறிகுறிகளே வீட்டில் அதிகம் ஏச்சு வாங்குகின்றன, அந்த ஏச்சு மாத்திரை தணித்து வைத்திருக்கும் அறிகுறிகளைத் திரும்ப எழுப்புகிறது. நோய் வீட்டைக் களைப்பாக்க, களைத்த வீடு நோயைக் கிளறுகிறது.

இதைக் கொண்டு குடும்பத்தின்மேல் பழி போடுவது பெரும் தவறு. 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்னும் மருத்துவர், பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு கருத்தை எழுத, அடுத்த சில பத்தாண்டுகள் மேற்கு நாடுகளில் எண்ணற்ற தாய்மார்கள் தங்கள் வளர்ப்பே பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்னும் குற்றவுணர்வோடு வாழ்ந்தார்கள். அந்தக் கருத்துக்கு ஆதாரம் கிடைக்கவே இல்லை. வீட்டின் கொந்தளிப்பு நோயை உண்டாக்குகிறது என்று பிரவுனோ லெஃப்போ கூறவில்லை, வந்துவிட்ட நோயின் போக்கை அது மாற்றுகிறது என்பதே அவர்கள் கண்டது. நோயாளிகளைப் பராமரிக்கும் விடுதி ஊழியர்களிடமும் இதே கொந்தளிப்பு பின்னர் அளந்து காணப்பட்டது. சம்பளம் பெற்று, பணி நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிறவர்களுக்கே இந்த நிலை என்றால், விடுமுறையே இல்லாத ஒரு தாயின் நிலையை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்த ஆய்வு இந்தியாவுக்கு வந்த இடம் சண்டிகர். நரேந்திர விக் தலைமையிலான குழு லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து அங்குள்ள குடும்பங்களை ஆராய்ந்து 1987-இல் முடிவுகளை வெளியிட்டது. லண்டனில் ஏறக்குறைய பாதி வீடுகள் கொந்தளிப்பானவையாக இருந்தபோது, சண்டிகரில் நான்கில் ஒன்றுக்கும் குறைவாகவே அப்படி இருந்தன. கூட்டுக் குடும்பத்தில் பாரம் பல தோள்களில் பகிரப்படுவதும், விதி, கிரகம் என்று நோயாளிக்கு வெளியே காரணம் தேடும் வழக்கமும் இதற்கு உதவியிருக்கலாம். ஆனால் இதைக் கொண்டு நாம் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பகைமை இருந்த வீடுகளில் நோய் மீள்வது சண்டிகரிலும் அதிகமாகவே இருந்தது, இரண்டாம் ஆண்டிலும் அந்தத் தொடர்பு நீடித்தது. கூட்டுக் குடும்பங்களும் அன்று இருந்தபடி இன்று இல்லை. அளவுகோலையும் கவனத்தோடு கையாள வேண்டும். நம் வீடுகளில் திட்டுவது சில வேளைகளில் அன்பின் மொழி, அதைக் கேட்பவரும் அன்பென்றே எடுத்துக்கொள்வார். அந்த ஊரின் பேச்சை அறிந்தவர் அன்றி வேறொருவர் தொனியை எண்ணினால் கணக்குப் பிழையாகும். கலிபோர்னியாவில் வாழும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்த ஸ்டீவன் லோபஸ், அங்கே குறைகூறலின் அளவைவிடக் கனிவு இருப்பதும் இல்லாததுமே நோய் மீள்வதோடு அதிகம் தொடர்புடையது என்று காட்டியது இங்கே நினைக்கத்தக்கது.

வீட்டின் குரலை மாற்ற முடியுமா? 1982-இல் லெஃப் குழு நோய் மீளும் ஆபத்து மிக அதிகமாக உள்ள ஒரு சிறு எண்ணிக்கையிலான குடும்பங்களைத் தேர்ந்து, எல்லா நோயாளிகளுக்கும் மாத்திரையை உறுதிசெய்து, ஒரு பகுதியினரின் குடும்பங்களுக்கு மட்டும் நோயைப் பற்றிய பாடங்களும் உறவினர் கூட்டங்களும் வீட்டுச் சந்திப்புகளும் அளித்தது. ஒன்பது மாதங்களில் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேருக்கு நோய் மீண்டது, குடும்பத்துக்கும் உதவி கிடைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே மீண்டது. அதன்பின் பல நாடுகளில் நடந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் என்னும் அமைப்பின் ஆய்வு 2010-இல் தந்த கணக்கு இதைவிட அடக்கமானது: ஏழு குடும்பங்களுக்கு இந்த உதவியை அளித்தால், ஓராண்டில் ஒருவருக்கு நோய் மீள்வதைத் தடுக்கலாம். முதல் சோதனையின் பெரிய எண்ணைக் காட்டிலும் இந்தச் சிறிய எண்ணையே நான் நம்புகிறேன். மருத்துவத்தில் அன்றாடம் பயன்படும் பல மருந்துகளின் பலன் இந்த அளவை எட்டுவதில்லை.

அந்தக் கூட்டங்களில் நடப்பது எளிய காரியங்கள்தான். படுத்தே கிடப்பது நோயின் பகுதி, பிடிவாதம் அன்று என்று விளக்குகிறார்கள். "உருப்பட மாட்டாய்" என்பதற்குப் பதிலாக, "சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தால் எனக்கு உதவியாக இருக்கும்" என்று ஒரே ஒரு செயலைக் குறிப்பிட்டுக் கேட்கப் பழக்குகிறார்கள். உறக்கம் குறைவது, சந்தேகம் தலைகாட்டுவது போன்ற முன்னறிகுறிகளைச் சேர்ந்து பட்டியலிடுகிறார்கள். நோயாளியும் உறவினரும் நாளில் சில மணி நேரம் பிரிந்திருக்க வழி தேடுகிறார்கள். நோயாளி பகல்நேர மையத்துக்கோ சிறு வேலைக்கோ போவது அவருக்குப் பயன்படும் அளவுக்கு, அந்த நேரத்தில் தாய் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசுவதும் பயன்படுகிறது.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் அழைப்பது இந்தியாவுக்குப் புதிதன்று. லண்டன் ஆய்வுகள் முதிர்வதற்கு முன்பே, 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் உறவினர்களைக் கூடாரங்களில் நோயாளிகளோடு தங்கவைத்தார். 1957-இல் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே ஆக்கியது. பயிற்சி பெற்ற மருத்துவர்கள் போதாத நாட்டில் இதை எவ்வாறு விரிப்பது என்னும் கேள்விக்கு, 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் இந்தியச் சோதனை விடை தேடியது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களில் மனச்சிதைவு நோய் உடைய 282 பேர் அதில் பங்கேற்றார்கள். மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்களை வீடுவீடாக அனுப்பி, நோயாளியோடும் குடும்பத்தோடும் பேசச் செய்தார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடும்போது, ஓராண்டு முடிவில் நோய்க்குறிகளிலும் அன்றாட முடக்கத்திலும் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. மூன்று இடங்களில் பலன் மிகுதியாக இருந்தது காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில். சென்னையில் 1984-இல் சாரதா மேனன் முன்னின்று நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு அங்கே அந்தப் பணியை நடத்தியது. மருத்துவர் மிக அரிதாகவே எட்டும் அந்த ஊர்களில், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, இது சோம்பல் அன்று, நோய் என்று ஒரு தாயிடம் அவருடைய பேச்சு வழக்கிலேயே சொல்ல ஓர் ஆள் இருந்தார்.