லேடீஸ் சீட் செல்ஃபியும் மூக்கு ஆபரேஷனும்

போன மாதம் ஏற்காடு போய்விட்டு வந்த என் அக்கா மகள், அங்கே லேடீஸ் சீட் என்ற மலைமுனையில் எடுத்த செல்ஃபியை நீட்டி, "மாமா, மூக்கு ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். அவள் மூக்கில் ஒரு குறையும் இல்லை.

முகத்தில் கத்தி வைத்துக்கொள்ள எத்தனையோ காரணங்கள் உண்டு. விபத்துத் தழும்பு, பிறவியிலேயே பிளந்த உதடு, மூச்சுவிட முடியாதபடி கோணிய மூக்கு, வயதின் சுருக்கம், இதெல்லாம் தெரிந்ததுதான். பெண் பார்க்க வந்தவர்கள் 'மூக்கு இப்படி இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது' என்று லட்சணம் பேசிவிட்டுப் போவதும் ஒரு காரணம். அதில் துளிகூட அறிவியல் கிடையாது, அதைக் கேட்டு ஒரு பெண் அழுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சரி, இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் காரணம் செல்ஃபி. செல்ஃபியில் அழகாகத் தெரிய வேண்டும் என்று கேட்டு ஆட்கள் வந்ததாக, அமெரிக்காவில் 2017-இல் முக அறுவை மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 55 சதவீதம் பேர் சொன்னார்கள்.

லேடீஸ் சீட்டில் நின்று கட்டைவிரலைக் கண்ணருகே பிடித்தால், கீழே விரிந்து கிடக்கும் சேலம் மொத்தமும் அதற்குள் மறைந்துவிடும். விரல் பக்கத்தில், ஊர் தூரத்தில், அவ்வளவுதான் விஷயம். இதேதான் ஒரே முகத்துக்குள்ளும் நடக்கிறது! மூக்கு நுனிக்குப் பின்னால் 12 செ.மீ. தள்ளிக் காது இருப்பதாக வைத்துக்கொள்வோம். போனை மூக்கிலிருந்து 30 செ.மீ.யில் பிடித்தால் காதுக்கு 42 செ.மீ. தூரம் கூடக்கூடப் படத்தில் அளவு அதே விகிதத்தில் குறையும் என்பதால், காதோடு ஒப்பிட்டால் மூக்கு 42/30, அதாவது 1.4 மடங்கு பெரிதாக விழும். அதே போனை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் 162/150, வெறும் 1.08 மடங்கு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வும் 12 அங்குலத்தில் எடுக்கும் செல்ஃபி மூக்கை ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகக் காட்டுகிறது என்று கணக்கிட்டது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனானாலும் அந்தத் தூரத்தில் இதே கதைதான். பள்ளியில் ஒளியியல் நடத்தும்போது இந்தக் கணக்கையும் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

அவளை ஐந்தடி தள்ளி நிற்க வைத்து நான் ஒரு படம் எடுத்தேன். மூக்கு ஒடுங்கிவிட்டது, ஆனாலும் "யாரோ மாதிரி இருக்கேன்" என்றாள். கண்ணாடியில் வலப்பக்கம் பார்த்துப் பழகிய மூக்குத்தி படத்தில் இடப்பக்கம் இருந்தது. 1977-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இதைச் சோதித்தார்கள்: பெண்களுக்குத் தங்கள் கண்ணாடி பிம்பம் பிடித்தது, அவர்களுடைய தோழிகளுக்கு, மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறபடியே இருக்கும் நேர்ப்படம் பிடித்தது. அவரவர் எதைப் பார்த்துப் பழகினார்களோ, அது.

அப்புறம் நான் எடுத்த படத்தையே இடவலம் திருப்பி இரண்டையும் காட்டினேன். அவள் திருப்பியதைத் தொட்டாள். அக்கா யோசிக்காமல் நேர்ப்படத்தைக் காட்டி, "இதுதானே எம் பொண்ணு" என்றாள்.