துப்பாக்கி வழக்கில் கூட்டப்பட்ட தண்டனை: அமெரிக்காவில் மேல்முறையீடு செய்ய 14 நாள்

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றம் தண்டனை விதித்துவிட்டதா? முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். தீர்ப்பு பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 14 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தண்டனை விதித்த அதே மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அது ஒரு சிறு தாள்தான்; காரணங்களை அதில் எழுதத் தேவையில்லை. கெடு தவறினால், தக்க காரணம் காட்டி அதிகபட்சம் 30 நாள் நீட்டிப்புக் கேட்கலாம். ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்றவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். அதற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டாக இருந்தது. 2022 ஜூனில் வந்த சட்டம் அதை 15 ஆண்டாக்கியது. 1984-இல் இயற்றப்பட்ட தொழில்முறை ஆயுதக் குற்றவாளிகள் சட்டம் இன்னும் கடுமையானது. வன்முறைக் குற்றம் அல்லது கடும் போதைப்பொருள் குற்றத்துக்காக மூன்று முன்தண்டனைகள் இருந்து, அக்குற்றங்கள் வெவ்வேறு சந்தர்ப்பங்களில் நடந்திருந்தால், 15 ஆண்டுதான் தொடக்கம்; ஆயுள்வரை போகலாம். நீதிபதி விரும்பினாலும் குறைக்க வழி அநேகமாக இல்லை.

ஆகவே இங்கே போராட்டம் பெரும்பாலும் பழைய வழக்குக் கட்டுகளைப் பற்றியதே. வுடன் என்பவரின் வழக்கைப் பாருங்கள். 1997-இல் ஜார்ஜியாவில் ஒரே இரவில், ஒரே கிடங்கில், உட்சுவர்களை உடைத்துக்கொண்டு பத்து அறைகளில் திருடியதற்குப் பத்துத் தண்டனைகள். பல ஆண்டு கழித்து அவரிடம் துப்பாக்கி இருந்தது தெரியவந்தபோது, அந்த ஓர் இரவைப் பத்துச் சந்தர்ப்பங்களாக எண்ணி 188 மாதச் சிறை விதித்தார்கள். அந்தச் சட்டம் பொருந்தாதிருந்தால், தண்டனை அளவைப் பரிந்துரைக்கும் வழிகாட்டி விதிகளின்படி 21 முதல் 27 மாதம்தான். 2022-இல் உச்ச நீதிமன்றம் அது ஒரே சந்தர்ப்பம்தான் என்றது. ‘சந்தர்ப்பம்’ என்ற ஒரு சொல்லுக்குக் கொடுத்த பொருளில் ஒரு மனிதனின் பதின்மூன்று ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த எர்லிங்கர் வழக்கு இன்னொரு கதவைத் திறந்தது. சந்தர்ப்பங்கள் வெவ்வேறானவையா என்பதை நீதிபதி தானே முடிவுசெய்யக் கூடாது; குற்றவாளி அதை ஒப்புக்கொள்ளாவிட்டால், ஜூரி ஒருமனதாக, நியாயமான ஐயத்துக்கு இடமின்றி முடிவுசெய்ய வேண்டும். ஜூரியிடம் போகாதிருந்தால், மேல்முறையீட்டில், போயிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்று அரசுத் தரப்பு வாதிடும். பழைய குற்றங்களின் நாள், இடம், நோக்கம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னியிருந்ததைக் காட்டுவதே அதற்கு மறுமொழி. பழைய குற்றம் ‘வன்முறைக் குற்றம்’ என்ற வரையறைக்குள் வருகிறதா என்பது தனிக் கேள்வி. நடந்த சம்பவத்தைப் பார்த்து அதற்கு விடை சொல்வதில்லை. அந்த மாநிலச் சட்டப்பிரிவின் வாசகத்தை வைத்தே சொல்கிறார்கள். காயப்படுத்தும் நோக்கமின்றி அசட்டையாக நடந்தாலே போதும் என்கிற தாக்குதல் குற்றம் அதில் சேராது என்று 2021-இல் போர்டன் வழக்கு தீர்த்தது.

வழிகாட்டி விதிகளின்கீழ் கூட்டப்படும் புள்ளிகள் வேறு; அவை ஏற ஏறப் பரிந்துரைக்கப்படும் தண்டனையும் ஏறும். துப்பாக்கி திருட்டுப் பொருளாக இருந்தாலோ, வரிசை எண் அழிக்கப்பட்டிருந்தாலோ, வேறொரு பெருங்குற்றத்துக்குத் துணையாக இருந்தாலோ புள்ளி ஏறும். 2005 முதல் இவ்விதிகள் நீதிபதியைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் கணக்கு தவறாக இருந்தால் அது மேல்முறையீட்டுக்கு வலுவான காரணம்.

நான் மிகவும் வலியுறுத்த நினைப்பது தண்டனைக்கு முந்தைய நிலையை. முன்தண்டனைகளையும் தண்டனைக் கணக்கையும் சொல்லி நன்னடத்தை அதிகாரி தயாரிக்கும் அறிக்கை தண்டனை நாளுக்கு 35 நாள் முன்பாவது கைக்கு வர வேண்டும். ஆட்சேபத்தை 14 நாளில் எழுத்தில் கொடுக்க வேண்டும். வரிவரியாகப் படியுங்கள். ஆட்சேபித்திருந்தால், சட்டக் கேள்வியை மேல்நீதிமன்றம் புதிதாக ஆராயும். வாய் மூடி இருந்திருந்தால், பிழை பளிச்சென்று தெரிவதாகவும் விளைவைப் பாதித்ததாகவும் நீங்களே நிறுவ வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் வழி குறுகும், அடைபட்டுவிடாது. கட்சிக்காரர் தெளிவாகக் கேட்டால், அப்படி விட்டுக்கொடுத்திருந்தாலும் வழக்கறிஞர் அறிவிப்பைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்று 2019-இல் கார்ஸா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே வாய்மொழியோடு நிறுத்தாமல் எழுதியும் கேளுங்கள். வசதியில்லாதவருக்கு மேல்முறையீட்டுக்கும் அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டு.

மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்று பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. அரசுத் தரப்பு தானும் மேல்முறையீடு செய்யாதவரை மேல்நீதிமன்றம் தண்டனையைக் கூட்ட முடியாது என்று 2008-இல் தீர்ப்பாகிவிட்டது. ஆனால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்பது வேறு: கைவிடப்பட்ட குற்றச்சாட்டுகள் திரும்பி வரலாம். எதைக் கேட்கிறோம் என்பதை வழக்கறிஞரோடு தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சிறைக்குள் இருப்பவர் அறிவிப்பைத் தாமே அனுப்பலாம். கடைசி நாளுக்குள் சிறையின் அஞ்சல் முறையில் சேர்த்துவிட்டால் போதும். நீதிமன்றத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் செல்லும். அஞ்சலில் சேர்த்த தேதியையும் அஞ்சல் கட்டணம் செலுத்தியதையும் குறித்து, கையெழுத்திட்ட உறுதிமொழி ஒன்றையும் அதோடு வையுங்கள்.